கிளிக்குக் கட்டிய எண்ணூறு மீட்டர்

அந்த ஓட்டம் வடகரையில் யார் வீட்டிலோ இன்னும் இருக்கிறதாம் என்ற பேச்சு சிவசைலத்தின் காதுக்கு வந்து சேர்ந்தபோது, அது மூன்று வாய் மாறியிருந்தது. செங்கோட்டை பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பழக்கடைக்காரர் ஒருவர் முடிவெட்டிக்கொள்ளும்போது சொல்லியிருக்கிறார். முடிவெட்டும் கடைக்காரர் கடற்கரை, சிவசைலத்தின் இரண்டாவது கன்னத்தில் நுரை பூசியபடியே, நாட்டு நடப்பைச் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

"சிலோன் டிவில வந்ததாம் அண்ணாச்சி. தென்காசிப் பிள்ளை ஒண்ணு வெளிநாட்டுல போயி ஓடுதாம். கல்யாண வீடியோ எடுக்குத ஆதம் இருந்தாருல்லா, அவரு கேசட்டுல பிடிச்சு வச்சிருந்தாராம். கேட்டதச் சொல்லுதேன், நான் பாக்கல."

"எந்தப் பிள்ளை?"

"அது யாருக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கதை. ஆடாதேயும், கத்தி இருக்கு."

சிவசைலம் எழுந்துவிட்டார். ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாகத் தெருவில் இறங்கி, மேல்துண்டால் துடைத்துக்கொண்டே நடந்தார். செங்கோட்டை ஸ்டேஷனில் காலமெல்லாம் டிக்கெட் கொடுத்த மனிதர் அவர். சில்லறைக்காக எத்தனை பேர் சண்டைக்கு வந்தாலும் நாற்காலியைவிட்டு எழாதவர் என்று பெயர் எடுத்தவர்.

அந்தப் பிள்ளை அவருடைய மனைவி கல்யாணசுந்தரி.

எண்பதுகளின் நடுவில், கல்யாணம் ஆவதற்கு முன்பு, ஆசிய நாடுகளுக்கான ஒரு தடகளப் போட்டியில் அவள் எண்ணூறு மீட்டர் ஓடினாள். இறுதிப் போட்டி வரைக்கும் போய் ஆறாவதாக வந்தாள். ஆறாவதாக வந்தவள் பெயரை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஆனால் அந்த ஓட்டம் மைதானத்தை இரண்டு முறை சுற்ற வேண்டிய ஓட்டம். முதல் சுற்று முழுக்க அவள்தான் முன்னால் போனாள். ஆசியாவில் உள்ள அத்தனை பேரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். அப்புறம் ஊருக்கு வந்தாள், பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் ஆனாள், விசில் ஊதினாள், ஓய்வு பெற்றாள்.

போன வருடம் அவளுக்கு மறதி வந்தது. முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்பு. பிறகு குற்றாலத்துக்குப் போகிற வழி. பிறகு சிவசைலத்தை அவள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திருநெல்வேலி டாக்டர், புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும், ஆனால் அதுவும் நிற்காது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பழையதில் அந்தச் சுற்று மட்டும் அவளிடம் கெட்டியாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டுக் கேட்பாள். "ஏங்க, முதல் சுத்துல நான்தான முன்னால போனேன்?"

"நீதான் போன."

"நீங்க பாத்தீயளா?"

அவர் எங்கே பார்த்தார். அப்போது அவருக்கு அவளைத் தெரியவே தெரியாது. ஆனாலும் ஒரு நாள் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "பாத்தேன், டிவில பாத்தேன்" என்று சொல்லிவிட்டார்.

அவள் முகம் மலர்ந்தது. "நான் என்ன கலர் பனியன் போட்டிருந்தேன்?"

சிவசைலம் குத்துமதிப்பாக ஒரு நிறத்தைப் பிடித்தார். நீலம் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னாள், "நீங்க பாக்கல. அப்ப அதுவும் நடக்கல போல."

அன்றிலிருந்துதான் அந்தச் சுற்றும் அவளிடம் ஆட்டம் காணத் தொடங்கியது. ஓடினேனா, இல்லை கனவா, இல்லை யாரோ ஒருத்தி ஓடியதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டேனா என்று அவளே கேட்டாள். தன் வாயால் கெட்டது என்று சிவசைலம் நினைத்தார். மாத்திரை தராததை ஒரு படம் தந்துவிடும் என்று நம்பினார். அவள் அதைப் பார்த்து, இது நான் என்று சொல்லக்கூடிய நாட்கள் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மெல்போர்னில் இருக்கும் மகள் மீனா மாதக்கணக்காக எழுதாத இடமில்லை. பழைய விளையாட்டு ஒளிபரப்புகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு குழு பதில் போட்டது. அந்தப் போட்டியின் மூல டேப் எந்த நிலையத்திலும் இல்லை. அந்தக் காலத்தில் டேப் விலை கூடுதல் என்பதால் உலகம் முழுக்க ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றைப் பதிவார்கள். மிச்சம் இருந்தால் யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கும். கிடைத்தால் எந்த மிஷினிலும் போட்டுப் பார்க்காதீர்கள், பழைய டேப் ஒரு தடவை ஓடினாலே பூச்சு உதிர்ந்துவிடும், அப்படியே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"ஒரு நிமிஷப் படம் ஒண்ணரை மீட்டர் டேப்கூட வராதுப்பா" என்று மீனா போனில் சொன்னாள். "அம்மா முன்னால போன சுத்து அவ்வளவுதான். உங்க துண்டு நீளம். அதத்தான் தேடுதோம்."

வடகரையில் ஆதமின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆதம் இறந்து பல வருடம். அவர் மனைவி ஆசியா தேங்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"கேசட்டா? எல்லாத்தையும் கரையான் தின்னு தீத்துட்டு அண்ணாச்சி. இருக்குன்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

சிவசைலம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆசியா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஓட்டம் பிடிச்சது நெசம்தான். தென்னை உசரத்துக்குக் கம்பி நட்டு, சிலோனப் பாத்துத் திருப்பி வச்சிருந்தாரு. காத்தடிச்சா படம் ஆடும். அவரு மேல ஏறித் திருப்புவாரு, நான் கீழ நின்னு வருது, வருது, போச்சுன்னு சத்தம் குடுக்கணும். உங்க வீட்டம்மா ஓடுன அன்னிக்கு நான்தான் சத்தம் குடுத்தேன்."

"நீங்க பாத்தீங்களா அக்கா?" சிவசைலம் தண்ணீரைக் கீழே வைத்தார். "முன்னால போனாளா?"

"யாரு முன்னால யாரு பின்னாலன்னு எனக்கு எங்க தெரிஞ்சுது. எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு உருவமாத் தெரிஞ்சுது."

"அந்த கேசட்டு?"

"அதுதான் கல்யாணத்துக்குப் போயிட்டே" என்றாள் ஆசியா. ஆவணியில் முகூர்த்தம் நெருக்கியடித்த நேரம். காலி கேசட் கிடைக்கவில்லை. ஆதம் கையில் இருந்த பழைய கேசட்டுகளின் மேலேயே கல்யாணத்தை ஏற்றி, புது அட்டை ஒட்டிக் கொடுப்பார். இந்தப் பக்கத்து வீடியோக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். "ஓட்டம் கேசட்டோட கடைசில இருந்துச்சு. சுந்தரபாண்டியபுரத்து ஞானதுரை கல்யாணம் அதுக்கு முன்னாலயே முடிஞ்சிரும், ஓட்டம் அழியாது, பொறவு வாங்கிக் காப்பி எடுத்துக்கிடலாம்னு கணக்குப் போட்டாரு. எங்க வாங்க விட்டாங்க. கேக்கு வெட்டியாச்சு, நன்றின்னு எழுத்து வந்தாச்சு, நிறுத்தாம விட்டிருக்காங்க. பின்னாலயே கால்சட்டை போட்ட பொம்பளையளு ஓடுதாளுவ. மாப்பிள்ளையோட அப்பா, 'இவளுவ யாருலே, பொண்ணு வீட்டு ஆளுவளா'ன்னு கேட்டாராம். மறுநா கூட்டமா வந்து நின்னாங்க. புது கேசட்டுன்னு சொன்னீரேன்னு ஒரே ஏச்சு. அதனாலதான் எனக்கு மறக்கல."

சிவசைலம் தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பினார்.

மறுநாள் காலையில் சுந்தரபாண்டியபுரத்துக்குப் புறப்படும்போது பக்கத்து வீட்டு உலகம்மை வந்து சுந்தரிக்குத் துணையாக உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னார்.

"வாரும் வாரும். நான் எங்க போகப் போறேன். டீச்சருக்கும் எனக்கும் பேச ஆயிரம் கெடக்கு" என்றாள் உலகம்மை.

சுந்தரி வாசல்வரை வந்தாள். "எங்க போறீய?"

"உன் ஓட்டத்த எடுத்துட்டு வரப் போறேன்."

அவள் யோசித்தாள். "எனக்கு ஓடத் தெரியுமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் மீனாவின் போன் வந்தது. "அப்பா, அம்மாவ விட்டுட்டு அதிக நேரம் இருக்காதீங்க. எனக்கு இங்க இருந்து ஒண்ணும் பண்ண முடியல. போன் அடிச்சாலே நெஞ்சு பதறுது."

"உலகம்மை இருக்கா தாயி."

"அவங்களுக்கும் வயசு எழுபதாச்சுல்லா. போன் வந்தா உடனே எடுங்க. அது போதும்."

எடுப்பேன் என்றார்.

ஞானதுரை வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். அறுபதைத் தாண்டிய, கட்டையான மனிதர். கடையும் வயலும் பார்ப்பவர். அவர் மனைவி கிறிஸ்டி காப்பி கொண்டுவந்தாள். எங்கள் கல்யாண வீடியோவைப் பார்க்க ஓர் ஆள் பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதிலேயே இருவருக்கும் வாயெல்லாம் பல்.

"நாங்களே பாத்து வருசமாச்சு" என்றாள் கிறிஸ்டி. "அதுல இவருக்குத் தலை நெறைய முடி. பாத்தா யாருன்னு கேப்பீய."

"இவ அப்பத்த இடுப்பயும் பாப்பீரு, அத ஏன் சொல்ல மாட்டங்கா" என்றார் ஞானதுரை.

போட்டுக் காட்டியது கேசட் இல்லை, பென் டிரைவ்தான். போன வருடம் கடையில் கொடுத்து மாற்றியது. ஞானதுரை டிவியில் செருகினார். குற்றாலத்து மெயினருவி விழுந்தது. அதன்மேல் இருவர் பெயரும் இதயப் படத்துக்குள் வந்தது. கோயில், குருவானவர், மோதிரம், பந்தி, பந்தியில் கேமராவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்ட பெண்கள். சிவசைலத்துக்கு ஒவ்வொரு முகமும் பாரமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஞானதுரை வேகமாக ஓட்டினார். கேக் வெட்டினார்கள். மறுபடி அருவி. நன்றி, வணக்கம், ஆதம் வீடியோ, வடகரை.

பிறகு திரை கறுப்பானது.

"பொறவு?" என்றார் சிவசைலம்.

"பொறவு என்ன, அம்புட்டுதான். கடைக்காரன் அதோட நிறுத்திட்டான். பின்னால வெத்து டேப்புன்னு சொல்லித் தந்தான்."

"வெத்து இல்ல" என்றாள் கிறிஸ்டி. "அதுலதான அந்தப் பொம்பளையளு ஓடுனாளுவ. உங்க அப்பா குதிச்ச குதி மறந்துபோச்சா?"

சிவசைலம் அவள் பக்கம் திரும்பினார். "அதுல ஒருத்தி என் வீட்டுக்காரி." சுந்தரியின் மறதியை, அவள் கேட்கும் கேள்வியை, தான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டினார். "கேசட்டு எங்கம்மா இருக்கு? அத மட்டும் குடுங்க. உங்க கல்யாணத்துக்கு ஒரு சேதமும் வராது."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்டி எழுந்து பீரோவைத் திறந்து, பைபிளுக்குப் பக்கத்தில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கேசட்டைக் கொண்டுவந்தாள். அதன் ஒரு சக்கரத்தில் டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. மறு சக்கரம் வெறுமையாக இருந்தது.

"இது கல்யாணம்" என்றாள் மெதுவாக. "சூரியகாந்தி வயல்ல கிளி வெரட்டக் கட்டுததுக்கு டேப்பு வேணும்னு இவரு கேட்டாரு. எங்க கல்யாணத்த எப்படிங்க கிளிக்குக் கட்டுதது? மனசு வரல. நன்றி வந்த எடத்துல கத்திரிச்சு, இத நான் எடுத்து வச்சிட்டேன். மிச்சத்தத்தான் இவரு வயலுக்குக் கொண்டுபோனாரு."

சிவசைலம் எழுந்தபோது காப்பித் தம்ளர் தட்டி விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

வயல் ஊரை ஒட்டித்தான். தூரத்திலிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. சாரல் காலத்துக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து மோதும்போது, குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிய டேப் நாடா அதிர்ந்து, பெரிய வண்டு ஒன்று பறந்துகொண்டே இருப்பதுபோல இரைந்தது. அந்த இரைச்சலுக்கும் வெயிலில் அது பளபளப்பதற்கும் பயந்துதான் கிளி இறங்காது. சாலையோரம் வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் பூவுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு நாடாவுக்குப் பக்கத்தில் போனாள்.

"அதத் தொடாதம்மா" என்று சிவசைலம் கத்தினார். அவள் பயந்து விலகினாள்.

கிட்டப் போய்ப் பார்த்தார். ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் நாடா முறுக்கிக்கொண்டிருந்தது. சில இடங்களில் பழுப்பு நிறம் பளிச்சென்று இருந்தது. சில இடங்களில் வெயிலும் மழையும் பட்டுப் பூச்சு உதிர்ந்து, நாடா வழியே அந்தப் பக்கத்துப் பூ மஞ்சளாகத் தெரிந்தது. ஒவ்வொரு குச்சியிலும் ஞானதுரை கெட்டியாக முடிச்சுப் போட்டிருந்தார். ஒண்ணரை மீட்டர். அது இதில் எங்கே இருக்கிறது? உதிர்ந்த இடத்திலா? இந்த முடிச்சுக்குள்ளா? கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நாடாவை அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தார், ஏதோ முகம் தெரிந்துவிடும் என்பதுபோல.

"எடுத்துக்கிடுதேன்" என்றார்.

ஞானதுரை தலையைச் சொறிந்தார். "எடுத்துக்கிடும். ஆனா இதக் கழத்தினா கிளி வந்து ஒக்காந்துரும் அண்ணாச்சி. இன்னும் பத்து நா தாங்கினா அறுப்பு."

"என் வேட்டியக் கிழிச்சுக் கட்டுதேன்."

"அட, அதுக்குச் சொல்லல." ஞானதுரை சங்கடப்பட்டார். "கிறிஸ்டி சீலைய எடுத்துட்டு வரச் சொல்லுதேன். வாரும், ரெண்டு பேருமாச் சுத்துவோம்."

மோட்டார் அறையிலிருந்து ஒரு பிவிசி குழாய்த் துண்டைக் கொண்டுவந்தார்கள். சிவசைலம் மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நாடாவைப் பிடித்தார், விரல் பட்டால் அழுக்கு ஒட்டும் என்று. முறுக்கை நீவி நீவிக் குழாயில் சுற்றினார். ஞானதுரை முன்னால் போய் முடிச்சுகளை அவிழ்த்தார். அவிழாத முடிச்சுகளுக்கு அரிவாளை நீட்டினார்.

"வெட்டாதேயும்" என்றார் சிவசைலம்.

"வெட்டாம முடியாதுவே. நான் போட்ட முடிச்சு எனக்கே அவுறல."

"ஓட்டம் அதுக்குள்ள இருந்தா?"

ஞானதுரை அரிவாளைக் கீழே போட்டார். பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தார். நெம்பி, கடித்து, துப்பி, கடைசியில் குச்சியையே பிடுங்கிக் கொடுத்தார். முடிச்சும் குச்சியுமாகவே சுருட்டி வைத்தார்கள். பிறகு வந்த முடிச்சுகளுக்கும் அதையே செய்தார்கள். சுற்று பெருக்கப் பெருக்கக் குழாய் முள்ளம்பன்றிபோல ஆனது. அதைப் பார்த்து ஞானதுரைக்குச் சிரிப்பு வந்தது. சிவசைலத்தின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

நாடா போன இடத்தில் கிளிகள் இறங்கின. முதலில் ஒன்று, பிறகு கூட்டமாக. பூவின் நடுவில் தலைகீழாகத் தொங்கி விதையைப் பிதுக்கித் தின்றன. ஞானதுரை ஒரு தடவை கையைத் தட்டினார். பிறகு விட்டுவிட்டார்.

கடைசி வரிசைதான் நீளம். நடுவில் குச்சியே இல்லாமல் கிணற்றைத் தாண்டி, வரப்புக்கு அந்தப் பக்கம் வேலிமுள் வரைக்கும் போனது. அதில் பூச்சு கிட்டத்தட்ட உதிராமல் இருந்தது. வேலி நிழல் விழுந்ததால் வெயில் அதிகம் படவில்லை. சுந்தரி இருந்தால் இதில்தான் இருப்பாள் என்று சிவசைலத்துக்குத் தோன்றியது. தோன்றியது உடனே நம்பிக்கையாகவும் ஆனது. அவள் இதற்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள், பின்னால் வருகிறவர்கள் இன்னும் தாண்டவில்லை, பனியன் என்ன நிறம் என்று இன்னும் சொல்லிவிடலாம்.

"நான் அந்த மூலைல அவுத்து விடுதேன். நீரு இழுத்துச் சுத்தும்" என்று சொல்லிவிட்டு ஞானதுரை கிணற்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தூரத்தில் அவர் தலை மட்டும் பூக்களுக்கு மேல் தெரிந்தது. முடிச்சு அவிழ்ந்தது என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. நாடா முழுதும் வில்போல வளைந்து மேலே எழும்பியது. சிவசைலத்தின் கையருகில், பழைய மடிப்பு ஒன்றில், சத்தமே இல்லாமல் அறுந்தது. அவர் எட்டி அந்த நுனியைப் பிடித்தார். ஒரு கையில் குழாயும் குச்சிகளும், மறு கையில் விரலிடுக்கில் நுனி. மிச்சம் எல்லாம் ஆகாயத்தில் நெளிந்து, வேலிமுள்ளை நோக்கிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. விட்டால் முள்ளில் விழும். முள்ளில் விழுந்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"அண்ணாச்சி, அப்படியே பிடிச்சுக்கிடும், விட்டுராதேயும்" என்று கத்திக்கொண்டே ஞானதுரை கிணற்றைச் சுற்றி ஓடிவரத் தொடங்கினார். ஈரமான வரப்பு அது, அவருக்கோ கனத்த உடம்பு.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இந்த நேரத்தில் அவரைக் கூப்பிட வேறு யாரும் கிடையாது. உலகம்மையாகத்தான் இருக்க வேண்டும், அல்லது உலகம்மையின் போனை எடுத்து நம்பரை நினைவில் கொண்டுவந்து சுந்தரியே அழுத்தியிருக்க வேண்டும். அல்லது மெல்போர்னில் மீனாவுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். சிவசைலம் குனிந்து முகவாயால் சட்டைப்பையை அழுத்திப் பார்த்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை. குழாயைக் கீழே வைக்கலாம் என்றால் சுற்றிய அத்தனையும் சரிந்து பிரிந்துவிடும். விரலைத் திறக்கலாம் என்றால் காற்று விடவில்லை.

"எடுக்கேன், எடுக்கேன்" என்றார், போனுக்குக் கேட்கும் என்பதுபோல.

போன் நின்றது. நாடா விரலை அறுத்தது.

மறுபடி அடித்தது.